ஊரு பேரு அப்பறம் சொல்லுங்க

வாங்க தம்பி, வாங்க. அந்தத் தாரு மேல சாயாதீக, வாழக்கறை சட்டையில பட்டுச்சுன்னா சட்டை கிழிஞ்சாலும் கறை போகாது. இந்தா, இந்தச் சாக்கை விரிச்சு உக்காருங்க. ஏலம் முடிஞ்சிருச்சு, லாரியும் போயிருச்சு, இனிமே எனக்கு மண்டியில ஒரு சோலியும் இல்ல. கந்தவேலண்ணே, ரெண்டு டீ சொல்லுங்க. ஒண்ணு சீனி தூக்கலா!

என்னது, பேசக் கூப்பிட வந்தீகளா? என்னையவா? அப்படிப் போடுங்க! இருங்க, இருங்க. ஊரு பேரு அப்பறம் சொல்லுங்க. என்ன விழா, எந்தத் தேதி, அந்தப் பையில என்னா வச்சிருக்கீக, எல்லாம் அப்பறம். மொதல்ல நான் நாலஞ்சு கேள்வி கேப்பேன். முந்தியெல்லாம் கேக்க மாட்டேன் தம்பி. கூப்பிட்டாப் போயிருவேன். கூப்பிடாட்டியும் ரெண்டு எடத்துக்குப் போயிருக்கேன். இப்ப அப்படி இல்ல. ஒரு கேள்வி கேக்காமப் போனதுலதான் எம் பொண்ணு கல்யாணம் இன்னைக்குப் பாதியில நிக்குது. மாத்த வேண்டிய தாம்பூலத் தட்டு மூணு மாசமா எங்க வீட்டு ஃபிரிட்ஜு மேல உக்காந்திருக்கு. அது கெடக்கட்டும்.

என்னையப் பத்தித் தெரிஞ்சுதான வந்திருப்பீக. தெரியாட்டிச் சொல்லிர்றேன். மண்டித் தங்கமாயன்னா சின்னமனூர்ல இருந்து கம்பம் வரைக்கும் தெரியும். காலையில வாழத்தாரு ஏலம், சாயங்காலம் மேடை. படிப்பு அஞ்சாவது. அதுலயும் அஞ்சாவதுல ரெண்டு வருசம் இருந்தேன். வாத்தியாரு குரலு கைக்கு வர அம்புட்டு நாளாச்சு.

நடிகரு குரலு நாட்டுல எல்லாரும் பேசுறான். நான் பேச மாட்டேன். நான் எந்த ஊருக்குப் போறேனோ அந்த ஊருக் குரலைத்தான் பேசுவேன். எப்படின்னு கேக்குறீகளா? கூட்டம் ஆறு மணின்னா நான் நாலு மணிக்கே போயி எறங்கிருவேன். டீக்கடை பெஞ்சுல ஓரமா உக்காந்துக்குவேன். ஊருக்கு ஒரு குரல் இருக்கும் தம்பி. கருவாட்டுக்காரரு குரலோ, ரேசன்கடைக்காரரு குரலோ, எவராச்சும் ஒரு ஆளு இருப்பாரு. ஊரே அவரு குரலைக் காதுல வச்சிருக்கும், ஆனா யாரும் வாயில வச்சிருக்க மாட்டான். அதை நான் புடிச்சிக்கிட்டு மேடையேறி எடுத்து விட்டேன்னா, 'அடேய், இது நம்ம ஆளுடா!'ன்னு கூட்டம் பொரளும் பாருங்க.

தொடையில தட்டுனது வலிச்சிருச்சா? சரி, இந்தப் பக்கமா உக்காருங்க.

மொதக் கேள்வி என்னா தெரியுமா? கேக்குறவுக யாரு. சிரிக்காதீக. ஒரு தடவ உத்தமபாளையம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழான்னு கூப்பிட்டாக. போனேன். புள்ளைக வரிசையா உக்காந்திருக்கு, சத்தமே இல்ல. அடடா, என்னா ஒழுக்கம்னு நெனச்சுக்கிட்டேன். கண்டக்டரு குரல்ல ஆரம்பிச்சேன், 'ஏம்மா, அந்தச் சேவலுக்கு டிக்கெட்டு எடும்மா, அதுக்கும் மூச்சு இருக்குல்ல'ன்னு. ஒரு புள்ள அசையல. பால்காரரு, ஜோசியரு, மண்டி மொதலாளி எல்லாத்தையும் எறக்கிட்டேன். வேர்த்து ஊத்துது. திடீர்னு பூராப் புள்ளைகளும் கெக்கெக்கேன்னு சிரிக்குது. எனக்கு உசுரு வந்துச்சு. அப்பறம் பாத்தா, எனக்குப் பின்னாடி ஒரு டீச்சரம்மா நின்னுக்கிட்டு கையாலயே பேசுறாக. அதுக காது கேக்காத புள்ளைக தம்பி! நான் பேசுனதுக்குச் சிரிக்கல. நான் இடுப்புல கை வச்சு, வயித்தை எக்கி, தலையை ஆட்டுறேன்ல, அதை அந்தம்மா அச்சு அசலாச் செஞ்சு காட்டுறாக. அதுக்குச் சிரிச்சிருக்கு. நான் கோவிச்சுக்கிட்டேனா? இல்லையே. நல்லாச் செய்றீக டீச்சர்னு சொல்லிட்டு வந்துட்டேன். என்ன, அதுக்கப்பறம் அந்தப் பக்கம் போகல. அது கெடக்கட்டும்.

ரெண்டாவது, எத்தன நிமிசம். அதையும் முன்னாடியே சொல்லிறணும். சில எடத்துல பேசிக்கிட்டு இருக்கும்போதே கையில ஒரு துண்டுச் சீட்டைக் குடுப்பாக. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும், கூட்டத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு க-வுக்குக் கால் போட்டா காவான்னு பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? யாரோ பாராட்டி எழுதியிருக்காகன்னு சட்டைப் பையில வச்சுக்குவேன். ஒரு வருசமாச் சேத்து வச்சதை எம் பொண்ணு ஒரு நாளு எடுத்து வாசிச்சுச்சு. பூராம் ஒண்ணே ஒண்ணு. 'முடிக்கவும்.'

எம் பொண்ணு பேரு யோகலட்சுமி. யோகான்னு கூப்பிடுவோம். தேனியில ஸ்கேன் சென்டர்ல ரிப்போட்டு டைப் அடிக்குது. அதுக்கு வாய் என்னைய மாதிரி, மூளை அவுக அம்மா மாதிரி. இப்ப அதுக்கு வருவோம். வேப்பம்பாறைன்னு ஒரு ஊரு, போடி போற ரோட்டுல உள்ள தள்ளி இருக்கு. தெரியுமா? தெரியும்ங்கிறீகளா, நல்லதாப் போச்சு, எனக்கு வழி சொல்ற வேலை மிச்சம். என்னமோ சொல்ல வர்றீக. இருங்க தம்பி, நான் முடிச்சுர்றேன்.

அந்த ஊருல இருந்து ரெண்டு பேரு வந்தாக. வெளுத்த வேட்டி. கையில ஆப்பிளு. பழ மண்டிக்கு யாராச்சும் பழம் வாங்கிட்டு வருவாகளா? வந்தாக. 'அண்ணே, எங்க ஊருத் திருவிழாவுக்கு நீங்கதான் பேசணும். வேற ஆளே வேண்டாம், நீங்கதான் வேணும்'னாக. அங்கன நான் கேட்டிருக்கணுமா இல்லையா? ஏன்யா, காலேசு வாத்தியாரு இருக்காரு, வக்கீலு இருக்காரு, வாழக்காய் ஏலம் விடுறவனை எதுக்குய்யா கூப்பிடுறீகன்னு ஒரு வார்த்தை. கேக்கலையே! பேரு பரவிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு ஆப்பிளை வாங்கி வச்சுக்கிட்டேன்.

வீட்டுல சொன்னேன். யோகா சாப்பிட்டுக்கிட்டு இருந்தது நிமிந்து பாத்துச்சு. 'வேப்பம்பாறையாப்பா?' ஆமாங்கிறேன். 'அப்பா, அங்க மட்டும் யாரு குரலும் பேசாதீங்கப்பா. உங்க குரல்ல நல்லதா நாலு வார்த்தை பேசிட்டு வாங்க'ன்னுச்சு. புள்ளைக்கு என் தொண்டை மேல எம்புட்டுக் கவலைன்னு நெனச்சேன். நல்லா மிளகு தட்டிப் போட்டுப் பாலைக் குடிச்சிட்டுக் கெளம்பிட்டேன்.

நாலு மணிக்கு எறங்கிட்டேன். டீக்கடை. ஒரு பஜ்ஜி, ஒரு டீ. உக்காந்து அஞ்சு நிமிசம் ஆகல, வந்தாரு தம்பி ஒரு ஆளு. அறுபது வயசுக்கு மேல. ஒல்லியா, நெட்டையா, அண்ணாந்து பாத்துக்கிட்டே நடந்து வர்றாரு. வந்தவரு டீக்கடைக்காரரைக் கேக்குறாரு, 'சீனி கம்மியா? நல்லாக் கம்மியா? பாத்துப் போட்டியா?' போட்டாச்சுண்ணேங்கிறாரு கடைக்காரரு. ஆளு பெஞ்சுக்கிட்ட வந்தாரு. 'இது ஆடுமா? ஆடாதுல்ல? உக்காந்து பாத்தியா?' எனக்குக் கையில இருந்த பஜ்ஜி வாய்க்குப் போகல. பொக்கிசம் தம்பி, பொக்கிசம்! அப்பறம் என்னையப் பாத்து, 'வெளியூரா? வெளியூருதானா? நல்லாத் தெரியுமா?' நான் வெளியூருங்கிறது எனக்கு நல்லாத் தெரியுமான்னு கேக்குறாரு!

விடுவேனா? மேடையேறுனேன். யோகா சொன்னது ஞாபகம் இருந்துச்சு, இல்லைங்கல. நாக்கு நுனியில ஒண்ணு வந்து உக்காந்துக்கிட்டா நான் என்னா செய்யட்டும்? அந்த ஆளை மாப்பிள்ளையாக்கி மணவறையில உக்கார வச்சேன். தாலியைக் கையில வச்சுக்கிட்டு ஐயரைக் கேக்குறாரு, 'பொண்ணு இதுதானா? நல்லா இதுதானா? பாத்துட்டீகளா?' அம்புட்டுத்தான். கூட்டம் விழுந்து பொரளுது. சின்னஞ்சிறுசு பூராம் மூணு மூணாக் கேட்டுக்கிட்டுக் கெடக்கு. முக்கா மணி நேரம் அந்த ஒரே ஆளை வச்சு ஓட்டுனேன்.

முன்வரிசையில ஒரு அம்மா. அம்பது வயசு இருக்கும், நெத்தி வெறும் நெத்தி. முந்தானையை வாயில பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போச்சு. அடேயப்பா, சிரிப்பு தாங்க முடியல போலன்னு நெனச்சு, அதே குரல்ல மைக்குல கேட்டேன், 'போறீகளா? நல்லாப் போறீகளா? பாத்துப் போறீகளா?' அதுக்கு அப்பறம் கூட்டத்துல சத்தம் டக்குன்னு கொறஞ்சு போச்சு. மைக்கு கோளாறு. இந்த மைக்செட்டுக்காரனுக இருக்கானுகளே, காலையில இருந்து பாட்டுப் போட்டுப் பொட்டியைச் சூடேத்தி வச்சிருவானுக. பேச்சாளரு வந்து நிக்கும்போது அது உசுரை விட்டுரும். அதான் மூணாவது கேள்வி எழுதிக்கங்க, மைக்கு யாரு மைக்கு? ஏன் தம்பி மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது? டீ ஆறிப் போச்சா?

பேசி முடிச்சதும் துண்டு போத்தக் கூப்பிட்டாக. வந்தது யாருங்கிறீக? அந்த ஆளேதான். துண்டைப் போத்திட்டு, என் கையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுக் கேக்குறாரு, 'சாப்பிட்டுப் போகணும். சாப்பிட்டுத்தான? கண்டிப்பாத்தான?' வெளையாடல தம்பி. அவரு இயல்பே அதுதான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. மைக்கு முன்னாடியே, அவரு மூஞ்சிக்கு நேராச் சிரிச்சுட்டேன். அவரும் சிரிச்சாரு. நல்ல மனுசன்னு நெனச்சுக்கிட்டேன். பேரு கூடக் கேக்கல.

பத்து நாள் கழிச்சு என் வீட்டு வாசல்ல ஒரு காரு. எறங்குறாரு அதே ஆளு. சுருளியாண்டி. கரண்டு ஆபீசுல ஒயர்மேனா இருந்து ரிட்டையரு ஆனவரு. கூடச் சம்சாரம், கூட மகன் அருள்பாண்டி. அந்த மகனும் எம் பொண்ணும் ஒரே ஸ்கேன் சென்டராம். ரெண்டு வருசப் பழக்கமாம். எனக்குத் தெரியாது, வீட்டுக்காரிக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியும். மகன் வந்து சொன்னதும் இந்த மனுசன் சொல்லியிருக்காரு, 'பொண்ணை நீ பாத்துட்ட, சரி. பொண்ணோட அப்பனை நான் பாக்கணும்.' அதுக்குத்தான் தம்பி திருவிழாக் கமிட்டியைப் புடிச்சு என்னையக் கூப்பிட்டிருக்காக! பொண்ணு பாக்குறது கேள்விப்பட்டிருக்கீகளா? என்னைய அப்பன் பாத்திருக்காக. அதுலயும் பஜ்ஜிக்கு நானே காசு குடுத்திருக்கேன்.

இதுல வேடிக்கை என்னான்னா, அவருக்கு என்னையப் புடிச்சுப் போச்சாம். 'வஞ்சகமில்லாத ஆளு, மனசுல ஒண்ணும் நிக்காது, பூராம் வாயில வந்துருது'ன்னு சொன்னாராம். அது பாராட்டா, வேற எதுவுமான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புடிபடல.

அவுக போனதுக்கு அப்பறம் என் வீட்டுக்காரி கனகமணி வந்து உக்காந்தா. 'ஏய்யா, அவரு ஏன் எதையும் மூணு தடவ கேக்குறாருன்னு தெரியுமா?'ன்னா. எனக்கென்ன தெரியும்? இருவது வருசத்துக்கு முன்னாடி, இவரு கூட வேலை பாத்த ஒரு ஆளு போஸ்டு மேல ஏறியிருக்காரு. கீழ நின்னு போன்ல கேட்டது இவரு. லைன் ஆப் பண்ணியாச்சான்னு ஒரே ஒரு தடவதான் கேட்டாராம். ஆச்சுன்னு யாரோ பதிலு சொல்லிருக்காக. ஆகலை. அந்த ஆளு மேலயே... அதுல இருந்து இந்த மனுசன் எதைத் தொட்டாலும் மூணு தடவ கேக்குறாராம். முன்வரிசையில வாயைப் பொத்திக்கிட்டுப் போச்சுல்ல ஒரு அம்மா, கமலம்னு பேரு. அது செத்துப்போனவரு சம்சாரம்.

எங்கிட்ட யாரும் சொல்லலையே தம்பி! சொல்லியிருக்கணுமா இல்லையா? கூப்பிடுறவுக சொல்லணும்ல, இன்ன ஆளு இன்ன வரிசையில உக்காருவாக, இன்னாருக்கு இன்ன துக்கம்னு? அதான் இப்பக் கேக்குறேன். முன்வரிசையில யாரு? ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துருங்க. எழுத்து பெருசா இருக்கட்டும்.

மன்னிப்புக் கேட்டியான்னு வீட்டுக்காரி கேட்டா. போனேன். அந்தம்மா வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ள வெங்காயம் நறுக்குற சத்தம் கேட்டுச்சு. கூப்பிடணும்னு வாயைத் தொறந்தேன், தம்பி, எந்தக் குரல்ல கூப்பிடுறதுன்னு தெரியல. திரும்பி வந்துட்டேன்.

அது கெடக்கட்டும்.

நிச்சயத்துக்கு வருவோம். வேப்பம்பாறைச் சமுதாயக்கூடம், காலையில பத்து மணி, முந்நூறு பேரு. பொண்ணோட அப்பன், நாலு வார்த்தை பேசணும்ல? எனக்குப் பேச ஆசையே இல்ல. மைக்கு அதுவாக் கைக்கு வந்துச்சு. எம் பொண்ணு மொதல்ல நடந்தது, மொதல்ல பேசுனது, பத்தாவதுல எடுத்த மார்க்கு, எல்லாத்தையும் சுருக்கமாச் சொன்னேன். இருவத்தஞ்சு நிமிசம். அப்பறம் தட்டை எங் கையில குடுத்தாக. மாத்த வேண்டியதுதான். அப்ப எவனோ ஒரு வெளங்காதவன், 'மாப்பிள்ளையோட அப்பாவும் ரெண்டு வார்த்தை பேசட்டுமே'ன்னு மைக்கை அவருகிட்ட நீட்டிட்டான்.

சுருளியாண்டி மேடையே ஏறாத ஆளு. மைக்கைத் தள்ளி வச்சுப் பாக்குறாரு. 'ஆன்ல இருக்கா? நல்லா இருக்கா? ஷாக்கு அடிக்காதுல்ல?' சனம் சிரிக்குது. நானும் சிரிச்சேன். அப்பறம் அந்த ஒல்லி மனுசன் வயித்தை எக்குனாரு. இடுப்புல கையை வச்சாரு. வாயைத் தொறந்தாரு. என் குரலு தம்பி!

'பொண்ணுன்னா பொண்ணு, சின்னமனூருப் பொண்ணு! காத்துக்குச் சாயாத தாரு! அடிபடாத காயி! பத்தாவதுல நானூத்தி எம்பத்தொண்ணு! அது கெடக்கட்டும்! நடந்தா நடை, பேசுனாப் பேச்சு, ஒரு தரம்! எனக்குப் பேச ஆசையே இல்ல, அது கெடக்கட்டும், ரெண்டு தரம்!'

சொல்லச் சொல்லப் பக்கத்துல நின்ன மகன் தொடையில படார் படார்னு அடிக்கிறாரு. சனம் பெஞ்சுல இருந்து சரியுது. நீங்களே சொல்லுங்க, நான் அப்படியா பேசுறேன்? அது கெடக்கட்டும், அது கெடக்கட்டும்னு, நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா? யாரு தொடையிலயாவது அடிச்சிருக்கேனா? ஒரு மனுசனைப் போயி அவன் இல்லாத மாதிரி, நாலு பேருக்கு முன்னாடி, அதுவும் அவனை உக்கார வச்சுக்கிட்டே... பண்பாடுன்னு ஒண்ணு வேணாமா? நானும் முப்பது வருசமாப் பேசுறேன், ஒருத்தரு மனசு நோகப் பேசியிருப்பேனா?

கையை எடுங்க, தொடைக்குக் கையைக் குடுத்து மறைக்காதீக, நான் ஒண்ணும் அடிக்கல.

முந்நூறு பேரு சிரிச்சாக, சிரிச்சுட்டுப் போகட்டும். அந்தக் கமலம் அம்மா சிரிச்சுச்சு. சரி, அதுக்குச் சிரிக்கப் பாத்தியதை இருக்கு. ஆனா எம் பொண்ணு தம்பி... பட்டுச்சேலை, தலை நெறையப் பூவு. கண்ணுல தண்ணி வர, வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. சின்னப்புள்ளையில இருந்து அதுக்கு எத்தன குரலு பேசிக் காட்டியிருப்பேன். ஒரு நாளு அப்படிச் சிரிச்சதில்ல.

எந்திரிச்சேன். நேரா வாசலுக்கு வந்து டவுன் பஸ்சுல ஏறிட்டேன். தட்டு எங் கையிலயே வந்துருச்சு. வெத்தலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு பூவன். கண்டக்டரு பாத்துட்டு, 'அண்ணே, சீர்வரிசைக்கு லக்கேஜு எடுக்கணும்'ங்கிறான். நான் அழுகுற நெலமையில இருக்கேன், அவன் குரலு நல்லாருக்கேன்னு காது போயிப் புடிக்குது. என்ன பொழப்பு பாருங்க.

மூணு மாசம் ஆச்சு. யோகா தேனியிலேயே ஆஸ்டல்ல தங்கிக்கிச்சு. ஞாயித்துக்கெழமை வரும், அவுக அம்மாகிட்டப் பேசும். நான் வாயைத் தொறந்தா டிவி சத்தத்தைக் கூட்டும். வேற எடம் பாப்பமான்னு ஒரு தடவ கேட்டேன். 'அப்பா, நான் அவரைத்தான் கட்டிக்குவேன். நீங்க வந்து தட்டு மாத்துனாத்தான் கட்டிக்குவேன். எத்தன வருசமானாலும் இருப்பேன்'னு சொல்லிட்டு பஸ்சுக்குப் போயிருச்சு. அதுதான் கடைசியாப் பேசுனது. அந்த மனுசன் நாலு தடவ போனு போட்டாரு. எடுக்கல. எடுத்தா எல்லாத்தையும் மூணு தடவ கேப்பாரு.

அதான் தம்பி, கடைசிக் கேள்வி. இதுக்குச் சரியான பதிலு வந்தாத்தான் நான் வருவேன். எனக்கு அப்பறம் மைக்கு யாரு கைக்குப் போகும்?

சரி. நான் நெறையப் பேச மாட்டேன், இனி நீங்க சொல்லுங்க. எந்த ஊரு?

...

வேப்பம்பாறையா.

அப்ப இம்புட்டு நேரமும் ஏன்யா வாயை மூடிக்கிட்டு இருந்தீக? நான் விடலையா? நான் எங்க விடல, இருங்க இருங்கன்னுதான சொன்னேன். ரெண்டு கூட்டத்துலயும் இருந்தீகளா? ரெண்டுலயும் சிரிச்சீகளா? உங்களை நான் மேடைக்கு முன்னாடி பாக்கலையே... ஓ. மேடைக்குப் பக்கத்துல. நீங்கதான் மைக்செட்டா. தப்பா எடுத்துக்காதீக தம்பி, நான் பொதுவாச் சொன்னேன், எல்லா மைக்செட்டையும் சொல்லல. ஆனா அன்னைக்குத் திருவிழாவுல சத்தம் கொறஞ்சுச்சா இல்லையா?

மைக்கு நல்லாத்தான் இருந்துச்சா.

கோளாறு ஒண்ணும் இல்லையா. கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சா.

ம்.

டீயைக் குடிங்க.

பையில என்னா? நோட்டீசா? கையெழுத்தால்ல இருக்கு. இது யோகா எழுத்து. எனக்கு லாரிச் சீட்டு எழுதிக் குடுத்த எழுத்து, எனக்குத் தெரியாதா? இம்புட்டுப் பெருசா எழுதியிருக்கு, கூட்டிக் கூட்டி நானே படிச்சிருவேன். இருந்தாலும் கண்ணாடி இல்ல. நீங்களே வாசிங்க.

'விட்ட எடத்துல இருந்து தட்டு மாத்துற விழா.' பேரைப் பாரு! 'அப்பாவா வரமாட்டாங்களாம், அதனால் சிறப்புப் பேச்சாளர்: மண்டித் தங்கமாயன்.' சிறப்புன்னு போட்டிருக்கா? சரி சரி, மேல வாசிங்க. 'பேச்சாளர் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில்.' அடிப்பாவி! கூப்பிட வர்றவுககிட்டயெல்லாம் நான் கேக்குறதை அவுக அம்மா ஒப்பிச்சிருக்கா! 'கேட்பவர்கள் யார்: காது நன்றாகக் கேட்பவர்கள். எத்தனை நிமிடம்: ஐந்து. சீட்டுக் கொடுக்க மாட்டோம், மைக்கை ஆப் செய்துவிடுவோம்.' நீங்க செய்வீகளா தம்பி? செய்வீகளா. 'முன்வரிசையில் யார்: கமலம் அத்தை. மேடை ஏறுவதற்கு முன்னால் அவங்க வீட்டுக்கு என்கூட வரணும். எந்தக் குரல் வந்தாலும் பரவாயில்லை, வாசலோட திரும்பக் கூடாது.'

வாசல் வரைக்கும் போனது அதுக்கு யாரு சொன்னா? நான் யாருகிட்டயும் சொல்லலையே... அந்தம்மா பாத்துருச்சா.

மேல வாசிங்க. 'உங்களுக்கு அப்பறம் பேசுவது: மாமா. உங்க குரலில்தான் பேசுவார். மூன்று மாதமாகப் பழகிக்கிட்டு இருக்கார்.' பழகுறாரா! எனக்கே தெரியாம என் குரலைப் பழகுறாரா! அஞ்சு நிமிசம் எனக்கு எப்படித் தம்பி போதும், அவருக்கு எத்தன நிமிசம்?

இன்னும் இருக்கா. 'கொண்டுவர வேண்டியது: தட்டு.' ம். 'ஏன் என்னைக் கூப்பிடுகிறீர்கள்?' ஆமா, அதானே நான் மொதல்ல கேட்டிருக்கணும். அதுக்கு என்னா எழுதியிருக்கு? என்ன நிறுத்திட்டீக, வாசிங்க.

'நாலு எடத்துல விசாரிச்சுப் பார்த்தோம். வேற அப்பா கிடைக்கலை.'

...

ஒண்ணுமில்ல. வாழச் சருகுத் தூசி. கண்ணுல விழுந்துருச்சு. மண்டின்னா அப்படித்தான்.

ஏன் தம்பி, இது யோகா குடுத்துச்சா? அது கையாலதான் குடுத்துச்சா? நீங்க நல்லாப் பாத்தீகளா?

ஏன் சிரிக்கிறீக? நான் இப்ப யாரு குரலும் பேசலையே.